சிவிலைசேஷன் 2: சினாரியோ செய்ய எந்தப் பதிப்பு?

சீதாவாக்கை அரசன் இராஜசிங்கன் 1587இல் போர்த்துக்கேயர் கையிலிருந்த கொழும்பை முற்றுகையிட்டதை ஒரு கணினி ஆட்டமாகச் செய்து பார்க்கலாமே என்ற பேச்சு எங்கள் வட்டத்தில் கொஞ்ச நாளாக ஓடுகிறது. ஆட்டம் எது என்பதில் பிரச்சினையில்லை. சிவிலைசேஷன் 2 என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. எந்தப் பதிப்பு என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் சரித்திரம் படிப்பிக்கும் அக்காவுக்கு, பிள்ளைகள் சுலபமாகத் திறந்து விளையாடக்கூடியது எதுவோ அது போதும். வெள்ளவத்தைத் தம்பி நிரல் எழுதத் தெரிந்தவர். அவருக்கு லுவா என்ற நிரல் மொழி இல்லாத பதிப்பு பதிப்பே இல்லை. இரண்டு பக்கத்தையும் கேட்டு, கிடைத்ததை எல்லாம் ஓட்டிப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

இவ்வளவு பழைய ஆட்டம் ஏன் என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. 1996இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்ட, திருப்பம் திருப்பமாக ஆடி ஓர் அரசை வளர்க்கும் ஆட்டம் இது. தலைமை வடிவமைப்பாளர் பிரையன் ரெனோல்ட்ஸ். இதன் விதிகள் பெரும்பாலும் ரூல்ஸ் என்ற ஒரு சாதாரண உரைக் கோப்பில் கிடக்கின்றன. நோட்பேடில் திறந்து, குதிரைப்படை இருக்கும் வரியில் பெயரை மாற்றி, தாக்கும் பலம், தடுக்கும் பலம், நகர்வு, விலை எல்லாவற்றையும் மாற்றிச் சேமித்தால், அடுத்த முறை ஆட்டம் திறக்கும்போது அது யானைப்படை. படங்கள் சாதாரணப் படக் கோப்புகள். ஒரு படைக்குரிய படம் 64க்கு 48 புள்ளி. பெயின்ட் தெரிந்த பிள்ளை ஒரு பின்னேரத்தில் ஒரு படையை வரைந்து முடிக்கலாம். பிறகு வந்த பெரிய ஆட்டங்களில் ஒரு படை வீரனைச் சேர்ப்பதற்கே முப்பரிமாண உருவம் செய்யத் தெரிய வேண்டும். அதனால்தான் இதற்கு இன்னும் சினாரியோ, அதாவது சொந்த வரைபடமும் கதையும் வைத்த ஆட்டம், செய்பவர்கள் இருக்கிறார்கள்.

பதிப்புகளின் வரிசை இப்படி. 1996இல் வந்த மூல ஆட்டத்தில் ரோம், இரண்டாம் உலகப் போர் என்று இரண்டு சினாரியோக்கள் இருந்தன. வரைபடம் வரையலாம், படைகளை வைக்கலாம், விதியை மாற்றலாம். ஆனால் ‘இது நடந்தால் அது நடக்கட்டும்’ என்று எழுத வழியில்லை. அந்த வழியை அதே வருடம் வந்த கான்ஃப்ளிக்ட்ஸ் இன் சிவிலைசேஷன் என்ற இணைப்பு கொண்டுவந்தது. ஈவன்ட்ஸ் என்ற இன்னொரு உரைக் கோப்பில் சம்பவங்களை எழுதினால் ஆட்டம் அதைப் படித்து நடத்தும். 1997இல் ஃபன்டாஸ்டிக் வேர்ல்ட்ஸ் வந்தது. படை, நிலம், நகரம், சம்பவம் எல்லாவற்றையும் ஆட்டத்துக்குள்ளிருந்தே திருத்தும் கருவிகளோடு. 1998இல் மல்டிபிளேயர் கோல்ட் எடிஷன். 1999இல் டெஸ்ட் ஒஃப் டைம். பிளேஸ்டேஷனுக்கும் ஒன்று வந்தது, அதை இந்தக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

மூல ஆட்டத்தையும் முதல் இணைப்பையும் இங்கேயே கழித்துவிடலாம். அவை செய்வதெல்லாம் ஃபன்டாஸ்டிக் வேர்ல்ட்ஸ் செய்யும். மிச்சம் மூன்று. கடைசியில் வெளியாள் ஒருவரும் வருவார்.

கோவா எங்கே இருக்கிறது?

பதிப்பைத் தெரிவதற்குமுன் உங்கள் கதையைக் கேளுங்கள். எங்கள் கதைக்கு நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: போர்த்துக்கேயரின் தலைமையிடமான கோவா வரைபடத்தில் இருக்க வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த ஆட்டத்தில் ஒரு வரைபடம் அதிகபட்சம் 10,000 கட்டம். கோவாவிலிருந்து மலாக்காவரை கிழக்கு மேற்காக ஏறத்தாழ 3,100 கிலோமீட்டர். அதை 100 கட்டத்தில் அடக்கினால் ஒரு கட்டம் 31 கிலோமீட்டர். இலங்கை முழுவதும் ஏழு கட்ட அகலம், பதினான்கு கட்ட நீளம். கொழும்புக் கோட்டையும் கோட்டே அரசின் தலைநகரும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். சீதாவாக்கை, அதாவது இன்றைய அவிசாவளை, கொழும்பிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ ஒன்றேகால் கட்டம். புறக்கோட்டையில் 122 பஸ் ஏறி அவிசாவளை போனவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு தூரம் என்று. இராஜசிங்கனின் படை அந்தப் பாதையில் இறங்கி வருவதுதான் கதையே. அந்தப் பாதை வரைபடத்தில் இல்லாவிட்டால் என்ன முற்றுகை?

மறுபக்கமாகப் பாருங்கள். இலங்கையை மட்டும் எடுத்து, ஒரு கட்டம் 5 கிலோமீட்டர் என்று வைத்தால், தீவு 45 கட்ட அகலம், 87 கட்ட நீளம். சுற்றிவரக் கொஞ்சம் கடலோடு 100க்கு 100இல் அழகாக அமர்ந்துவிடும். கொழும்புக்கும் கோட்டேக்கும் இடையே இரண்டு கட்டம், அவிசாவளைக்கு எட்டு. களனி கங்கையை வளைத்து வளைத்து வரையலாம், மலைநாட்டுக்கு ஏறும் வழிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டலாம். ஆனால் கோவா இல்லை. தஞ்சாவூர் இல்லை, கோழிக்கோடு இல்லை.

இந்தக் காலத்துப் போர்த்துக்கேயரைக் கோவா இல்லாமல் விளங்கிக்கொள்ள முடியாது என்பது ஒரு வாதம். துருப்பு, காசு, கட்டளை எல்லாம் அங்கிருந்து வந்தது. 1588இன் தொடக்கத்தில் கோவாவிலிருந்து உதவிப்படை வந்து சேர்ந்ததோடு முற்றுகை முடிந்தது. இன்னொரு வாதமும் இருக்கிறது. சீதாவாக்கையிலிருந்து பார்த்தால் கோவா என்பது கண்ணுக்குத் தெரியாத இடம்; அடிவானத்தில் திடீரென்று பாய்மரம் தெரியும், அவ்வளவுதான். அப்படியானால் கோவாவை ஒரு நகரமாக வைக்காமல், வருடத்தில் ஒருமுறை கப்பல் கொண்டுவரும் ஒரு சம்பவமாக எழுதிவிடலாம்.

முதல் வாதத்தைப் பிடித்தால் உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பதிப்பு, பல வரைபடம் வைக்கக்கூடிய டெஸ்ட் ஒஃப் டைம். இரண்டாவதைப் பிடித்தால் மூன்றும் திறந்திருக்கின்றன. சரித்திர அக்காவுக்கும் எங்கள் தம்பிக்கும் நடந்த வாக்குவாதம் முழுவதும் உண்மையில் இதைப்பற்றித்தான். லுவாவைப் பற்றி அல்ல.

ஃபன்டாஸ்டிக் வேர்ல்ட்ஸும் கோல்டும்

இந்த இரண்டும் சினாரியோ செய்பவரின் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். 62 படை வகை. ஏழு அரசுகள், எட்டாவதாகக் காட்டுமிராண்டிகள். 255 நகரம், 2,048 படை. சம்பவ மொழியும் பெரும்பாலும் ஒன்றே.

அந்த மொழியால் என்ன செய்யலாம்? ஒரு நகரம் பிடிபட்டால், ஒரு படை கொல்லப்பட்டால், குறித்த திருப்பம் வந்தால், இத்தனை திருப்பத்துக்கு ஒருமுறை, அல்லது எப்போதாவது குருட்டாம்போக்கில் என்று நிபந்தனை வைக்கலாம். நடந்ததும் செய்தி காட்டலாம், படையை உருவாக்கலாம், காசு கொடுக்கலாம் பறிக்கலாம், நிலத்தை மாற்றலாம், ஓர் அரசை இன்னோர் அரசின் மேல் போருக்கு அனுப்பலாம், ஓர் அறிவை வழங்கலாம், ஒலி ஒன்றைப் போடலாம். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் எங்கள் கதையில் பாதியை இதாலேயே சொல்லிவிடலாம்.

கதையின் காலத்தை 1580இலிருந்து 1594வரை என்று வைத்துக்கொள்கிறேன். 1580 ஓகஸ்டில் கோட்டே அரசன் தர்மபாலன் தன் அரசைப் போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக்கொடுத்தான். 1594இல் போர்த்துக்கேயத் தளபதி பேரோ லோப்பஸ் டி சூசாவின் படை கண்டி மலையில் அழிந்தது. நடுவில் 1587-88 முற்றுகை. 1591இல் யாழ்ப்பாணத்தின் மேல் போர்த்துக்கேயரின் படையெடுப்பு. புவிராஜ பண்டாரம் கொல்லப்பட்டு எதிர்மன்னசிங்கம் அரசனாக வைக்கப்பட்டான். 1593இல் இராஜசிங்கனின் சாவு. பதினான்கு வருடம், ஒரு திருப்பம் ஒரு மாதம் என்றால் 168 திருப்பம். விளையாடி முடிக்கக்கூடிய நீளம். சினாரியோவில் திருப்பத்தை வருடமாக அல்லாமல் மாதமாக வைக்க எல்லாப் பதிப்பிலும் வழி இருக்கிறது. மாதத்துக்கு 5 கிலோமீட்டர் நடக்கும் படை சிரிப்புக்கு இடமாகும் என்பதால் எல்லாப் படைக்கும் நகர்வைக் கூட்டிவைக்க வேண்டும். ரூல்ஸ் கோப்பில் வீதிகளின் வேகத்துக்கென்று தனி எண்ணே இருக்கிறது.

மாதக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், தென்மேற்குப் பருவக்காற்று. மே மாதத்திலிருந்து செப்டெம்பர்வரை மேற்குக் கரை கொந்தளிக்கும் காலத்தில் கோவாவிலிருந்து கொழும்புக்குக் கப்பல் வருவது நடக்காத காரியம். இராஜசிங்கன் முற்றுகையை வருடத்தின் நடுவில் தொடங்கியதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. ஃபன்டாஸ்டிக் வேர்ல்ட்ஸில் ‘டேர்ன் இன்டர்வல் 12’ என்று ஒரு சம்பவம் எழுதி, ஆட்டம் தொடங்கும் மாதத்தைச் சரியாகப் பார்த்துவைத்தால், கோவாக் கப்பல் ஒவ்வொரு வருடமும் காற்று மாறிய பிறகே வந்து நிற்கும். விளையாடுபவர் போர்த்துக்கேயராக இருந்தால் அந்த மாதத்தை எண்ணிக்கொண்டிருப்பார். சீதாவாக்கையாக இருந்தால் அதற்குமுன் மதிலை உடைக்கப் பார்ப்பார். இதற்குமேல் ஒரு நாடகம் எழுதத் தேவையில்லை.

முற்றுகையின்போது கொழும்பின் நிலப்பக்கத்தைக் காத்த ஏரியை வாய்க்கால் வெட்டி வற்றவைத்தார்கள். அதற்கு ‘சேஞ்ச் டெரெய்ன்’ இருக்கிறது. ஏரிக் கட்டத்தைச் சேற்று நிலமாக மாற்றினால் காலாட்படைக்கு வழி திறக்கும். 5 கிலோமீட்டர் கட்டத்தில் அந்த ஏரி ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாது, கொஞ்சம் ஊதிப் பெருப்பித்துத்தான் போட வேண்டும். மன்னித்துவிடலாம்.

62 படை வகை போதுமா? எங்கள் கதைக்குத் தாராளமாகப் போதும். லஸ்கரின் என்ற உள்ளூர்ப் படைவீரர், வேட்டைக்குப் பழகிய காட்டுப் படை, யானை, பீரங்கி, போர்த்துக்கேயக் காலாட்படை, ஃபுஸ்டாப் படகு, பெரிய கப்பல், தோணி, கோழிக்கோட்டுக் கடற்படைத் தலைவர் குஞ்ஞாலி மரைக்காயரின் படகுகள்... இருபது முப்பதைத் தாண்ட நீங்கள் கஷ்டப்பட வேண்டும். ஒவ்வொரு படைக்கும் சிறப்புக் குணங்களை ஒன்றும் பூச்சியமுமாகக் குறிக்கலாம்: எந்த நிலத்திலும் வீதியில் போவதுபோல் போகும் குணம், கப்பலிலிருந்து நேரே தாக்கும் குணம், மதிலைப் பொருட்படுத்தாத குணம். காட்டையும் மலையையும் வீதிபோலக் கடக்கும் குணத்தைச் சீதாவாக்கை, கண்டிப் படைகளுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். 1594இல் மலைநாட்டில் என்ன நடந்தது என்று வேறு விளக்கம் வேண்டாம். படை வகை 80 என்று டெஸ்ட் ஒஃப் டைம் பெருமையடிப்பதை இந்த அளவுக் கதைக்குப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அப்படியென்றால் இரண்டில் எது? இங்கேதான் விஷயம் முட்டுகிறது. ஃபன்டாஸ்டிக் வேர்ல்ட்ஸ் 16 பிட் காலத்துச் சரக்கு. இன்றைய 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. பழைய விண்டோஸ் ஒன்றை மெய்நிகர் கணினிக்குள் போட்டு அதற்குள் ஓட்டலாம்; நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் லப்டொப் ஒவ்வொன்றிலும் செய்து கொடுப்பது யார்? கோல்ட் 32 பிட். இரசிகர்கள் செய்த சின்னத் திருத்தம் ஒன்றைப் போட்டால் விண்டோஸ் 10இலும் ஓடும். ஒரே கணினியில் மாறி மாறி உட்கார்ந்தும், வலையமைப்பில் சேர்ந்தும் பலர் விளையாடலாம். அக்கா கோல்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதற்காகத்தான், அதில் நியாயம் இருக்கிறது.

கோல்டின் நோய் வேறு. அதில் கணினி ஆடும் அரசுகளுக்கு மனித ஆட்டக்காரர்மேல் தீராத பகை. எவ்வளவு கொடுத்தாலும், எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், கொஞ்ச நேரத்தில் முகம் கறுத்துவிடும். உலகத்தை வெல்லும் ஆட்டத்தில் இது பரவாயில்லை. எங்கள் கதையில் கழுத்தறுப்பு. யாழ்ப்பாணத்து அரசனாக விளையாடுபவர் ஒரு பக்கம் போர்த்துக்கேயருக்குத் திறை கொடுத்துக்கொண்டு, மறுபக்கம் தஞ்சாவூர் நாயக்கரோடும் கோழிக்கோட்டு அரசனான சாமூதிரியோடும் ஒட்டிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டும். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருப்பதுதான் அந்தச் சின்ன அரசின் பிழைப்பு. அண்டை அயல் எல்லாம் முதல் வருடத்திலேயே பகையாகிவிட்டால் அந்தப் பாத்திரத்துக்கு அர்த்தமே இல்லை. ஃபன்டாஸ்டிக் வேர்ல்ட்ஸில் கணினி இதைவிட நிதானமானது.

எல்லா அரசையும் மனிதரே ஆடுவதென்றால் இந்தப் பகை ஒரு பொருட்டல்ல. வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகளை ஆளுக்கோர் அரசாக உட்கார வைப்பது அக்காவின் திட்டம். அதற்குக் கோல்ட் பொருந்தும். தனியாக விளையாட ஒரு சினாரியோ என்றால் கோல்டைத் தொட வேண்டாம் என்பேன்.

டெஸ்ட் ஒஃப் டைம்

வெளிவந்தபோது இதைப் பலர் முகம் சுழித்துத்தான் வரவேற்றார்கள். படங்கள் கோல்டைவிட அழகு என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் சினாரியோ செய்பவர்களுக்குக் கிடைத்த பெட்டிகளில் பெரியது இதுதான்.

முதலாவது, நான்கு வரைபடம். ஒரே சினாரியோவில் நான்குவரை தனித்தனி வரைபடங்களை வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் படைகளைக் கடத்தலாம். ஒவ்வொன்றுக்கும் தனி நிலவகைகளும் உண்டு. மைக்ரோபுரோஸ் இதை மாய உலகங்களுக்கும் வேற்றுக் கிரகங்களுக்கும் என்று நினைத்துச் செய்தது. எங்களுக்கு இது அளவுப் பிரச்சினைக்கு மருந்து. முதல் வரைபடம் 5 கிலோமீட்டர்க் கட்டத்தில் இலங்கை. இரண்டாவது 31 கிலோமீட்டர்க் கட்டத்தில் கோவா முதல் மலாக்காவரை கடல். கோவாவில் கப்பல் கட்டி, கடல் வரைபடத்தில் ஓட்டி, கொழும்புக்கு வெளியே ஒரு கட்டத்தில் தீவு வரைபடத்துக்கு இறக்கலாம். எந்தப் படை வகை எந்த வரைபடத்துக்குப் போகலாம் என்று ரூல்ஸ் கோப்பிலேயே எழுதிவிடலாம்.

இதில் ஒரு முடிச்சு. எல்லா வரைபடமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கடக்கும் படை மறுவரைபடத்தில் அதே ஆயத்தொலைவில்தான் போய் இறங்கும். அதாவது கடல் வரைபடத்தில் இலங்கையை நீங்கள் சின்னதாக எங்கே வரைகிறீர்களோ, அந்த இடத்துக்குத் தீவு வரைபடத்தில் நேராக இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் வரைந்தால் கோவாக் கப்பல் பதுளை மலையுச்சியில் வந்து நிற்கப் பார்க்கும். கொழும்புக்கு ஒன்று, மன்னாருக்கு ஒன்று என்று வாசல்களை முதலில் குறித்துவிட்டு, அந்தக் கட்டங்கள் இரண்டு வரைபடத்திலும் கடலாக வரும்படி மிச்சத்தை வரைவதுதான் வழி. மன்னாரை மறக்க வேண்டாம். 1560இலிருந்து அது போர்த்துக்கேயர் கையில்.

இரண்டாவது, சம்பவ மொழி வளர்ந்துவிட்டது. ஃபன்டாஸ்டிக் வேர்ல்ட்ஸில் நடந்ததை ஆட்டம் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. இங்கே கொடி என்ற ஒன்று இருக்கிறது: ஒரு சம்பவம் ஒரு கொடியை ஏற்றலாம், இன்னொரு சம்பவம் அந்தக் கொடி ஏறியிருந்தால் மட்டுமே நடக்கலாம். ‘மன்னார் விழுந்திருந்து, அதன்பின் நல்லூரும் விழுந்தால்’ என்று எழுத முடிகிறது. 1.1 என்ற அதிகாரபூர்வத் திருத்தத்தைப் போட்டுக்கொண்டே இதைத் தொடங்குங்கள்.

மூன்றாவது, இரசிகர்கள் செய்த பெரிய திருத்தத் தொகுப்பு. அது 1.1 பதிப்பின் மேல் ஏறி உட்காரும். 64 பிட் விண்டோஸில் வரும் தொல்லையைத் தீர்க்கும், பல வரம்புகளைத் தளர்த்தும். இவற்றைவிடப் பெரிய விஷயம், லுவா மொழியில் சம்பவம் எழுத விடும். நல்ல நிரலாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இதற்குப் பிறகு பழைய ஈவன்ட்ஸ் கோப்புக்குத் திரும்ப மனம் வராது.

ஓர் உதாரணம். 1580களின் தொடக்கத்தில் இராஜசிங்கன் கண்டியைப் பிடித்துக்கொண்டான். பத்து வருடத்தில் கண்டி கிளர்ந்தெழுந்து, கோனப்பு பண்டார விமலதர்மசூரியனாக அரியணை ஏறினான். இதை ஃபன்டாஸ்டிக் வேர்ல்ட்ஸில் எப்படிச் செய்வது? கண்டி அரசு நடுவில் முற்றாக அழியாமல் இருக்க, எவரும் எட்ட முடியாத ஒரு மூலைத் தீவில் அதற்கு ஒரு பொய் நகரம் கொடுக்க வேண்டும். குறித்த திருப்பத்தில் கண்டி நகரத்துக்குப் பக்கத்தில் நல்ல பலமான படைகளை உருவாக்கிவிட்டு, கணினி அதைப் பிடிக்கும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும். பல நேரம் பிடிக்கும். சில நேரம் அந்தப் படை எங்காவது ஒரு பாலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். லுவாவில் நகரத்தின் உரிமையாளரை ஒரு வரியில் மாற்றலாம். இரண்டு அரசுகளுக்கிடையே உள்ள மனநிலையையும் உடன்படிக்கையையும் அதே மாதிரி எழுதலாம். யாழ்ப்பாணத்து அரசன் திறை கட்டும்வரை போர்த்துக்கேயர் கையை வைக்காமல் இருக்கச் செய்யலாம்.

பருவக்காற்றும் இங்கே உண்மையிலேயே வீசும். ஒரு படையை ஆட்டக்காரர் கையில் எடுக்கும் கணத்தில் லுவா எழுந்து பார்க்கும்: இது கப்பலா, மேற்குக் கரையா, மாதம் மேயிலிருந்து செப்டெம்பருக்குள்ளா? ஆம் என்றால் அதன் நகர்வைச் செலவாகிவிட்டதாக எழுதிவிடும். கப்பல் துறைமுகத்திலேயே கிடக்கும். ஃபன்டாஸ்டிக் வேர்ல்ட்ஸில் கோவாக் கப்பல் வரும் நாளை மட்டும்தான் கட்டுப்படுத்தலாம், வந்த கப்பல் ஆடி மாதத்தில் நீர்கொழும்புக்கு உலா போவதைத் தடுக்க முடியாது.

பிடிக்காததும் இருக்கிறது. கோல்டுக்குச் செய்ததை இதற்குக் கொண்டுவர உழைப்பு வேண்டும்: அங்கே படங்கள் ஜிஃப், 256 நிறம், இங்கே பிஎம்பி. ரூல்ஸ் கோப்பிலும் புதிய பகுதிகள் சேர்க்க வேண்டும். இங்கே செய்ததைக் கோல்டில் திறக்கவே முடியாது, திரும்பிவர வழியில்லை என்று நினைத்தே தொடங்க வேண்டும். லுவா கையில் வந்ததும் எதையும் செய்யலாம் என்ற மயக்கமும் வரும். தம்பி முற்றுகையை விட்டுவிட்டுக் கறுவா விலையைப் பருவத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் நிரலில் ஒரு வாரம் மூழ்கிப்போனார். அழகான நிரல், ஆனால் மதில் இன்னும் வரைபடத்தில் இல்லை.

வெளியாள்

ஃப்ரீசிவ் சிவிலைசேஷன் 2 அல்ல. டென்மார்க்கில் மாணவர்கள் 1995இல் தொடங்கிய இலவசத் திறந்த மூல ஆட்டம். இரண்டாம் சிவிலைசேஷனின் தம்பிபோல. இதை ஏன் நடுவில் இழுக்கிறேன் என்றால் இரண்டு காரணம்.

ஒன்று, காசும் சட்டமும். சிவிலைசேஷன் 2 பெரிய இணையக் கடைகளில் விற்பனைக்கு இல்லை. கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கிக் கேட்டால் சிரிப்பார்கள். பழைய டிஸ்க் யாரிடமாவது இருந்தால் உண்டு. ஆட்டம் பழசாகிவிட்டது என்பதற்காக உரிமை காலாவதியாகவில்லை. சிவிலைசேஷன் உரிமை 2004இல் டேக் டூ நிறுவனத்துக்குப் போய் இன்றுவரை அங்கே இருக்கிறது. ஒரு பள்ளிக்கூட வகுப்புக்கு அக்கா கொப்பி அடித்துக் கொடுப்பதென்றால் அவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஃப்ரீசிவில் அந்தத் தலையிடி இல்லை.

இரண்டாவது காரணம் எனக்குப் பெரியது: தமிழ். சிவிலைசேஷன் 2 யூனிகோடைக் காணாத ஆட்டம். சம்பவச் செய்தியில் ‘நல்லூர் வீழ்ந்தது’ என்று தமிழில் தட்டினால் திரையில் வருவது குப்பை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதலாம், தலைப்புப் படத்தில் தமிழ் எழுத்தைப் படமாக வரைந்து வைக்கலாம், அவ்வளவே. ஃப்ரீசிவ் யூனிகோடில் ஓடுகிறது. நகரப் பெயர், படைப் பெயர், செய்தி எல்லாம் தமிழிலேயே இருக்கலாம். யாழ்ப்பாண அரசைப் பற்றிய ஒரு விளையாட்டில் யாழ்ப்பாணம் என்று எழுத முடிவது சின்ன விஷயம் இல்லை.

லுவா அங்கேயும் இருக்கிறது. ஏழு அரசு என்ற வரம்பு இல்லை. விதிகள் ஒரே கோப்பில் இல்லாமல் படைக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று என்று சிதறிக் கிடப்பதால் தொடங்குபவருக்குக் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். வரைபடம் ஒன்றுதான். பெரியதாகப் போடலாம் என்பது உண்மை: கோவாவிலிருந்து மலாக்காவரை 5 கிலோமீட்டர்க் கட்டத்தில் போட்டால் அகலம் மட்டும் 620 கட்டம். வெறுங்கடலில் கப்பலைத் தள்ளிக்கொண்டே பிள்ளைகளுக்குக் கலியாண வயது வந்துவிடும். ஆகவே ஃப்ரீசிவை எடுத்தால் கோவாவை விட்டுவிட்டுத் தீவை மட்டும் செய்யுங்கள்.

ஏழு அரசு

எந்தச் சிவிலைசேஷன் 2 பதிப்பானாலும் ஏழுதான் என்பதால் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது. சீதாவாக்கை, கண்டி, யாழ்ப்பாணம், போர்த்துக்கேயர், நாயக்கர், சாமூதிரி. ஆறு ஆயிற்று. ஏழாவது தர்மபாலன் என்று எழுதினோம். 1565இல் கோட்டேயை விட்டுக் கொழும்புக்குள் வந்துவிட்ட அரசன். ஊர் இல்லாத அரசு. அவனுக்கென்று ஓர் இடத்தைச் செலவழிக்கலாமா என்று இன்னும் முடிவாகவில்லை. வன்னிப் பகுதிச் சிற்றரசர்களான வன்னியரை எங்கே வைப்பது? மிச்சம் இருப்பது காட்டுமிராண்டிகள் என்ற எட்டாவது இடம். பெயரை உரைக் கோப்பில் மாற்றிவிடலாம், அது சின்ன வேலை. ஆனால் அந்த இடத்திலிருப்பவர்களோடு எவரும் உடன்படிக்கை செய்ய முடியாது. இருபக்கத்தோடும் பேரம் பேசிப் பிழைத்த வன்னியர்களை அங்கே உட்கார வைத்தால் சரித்திரத்துக்கும் பொருந்தாது, இந்த ஊரில் எவரும் சும்மாவும் விட மாட்டார்கள். கூலி பேசிக் கட்சி மாறும் லஸ்கரின் கூட்டங்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு, தர்மபாலனைப் போர்த்துக்கேயருக்குள் ஒரு படையாக மட்டும் வைத்து, அவன் இடத்தை வன்னியருக்குக் கொடுப்பதே என் யோசனை. அந்தப் படையை ‘நோ’ என்று குறித்துவிட்டால் எவரும் இன்னொரு தர்மபாலனைக் கட்ட முடியாது. அவன் கொல்லப்பட்டால் ‘யூனிட் கில்ட்’ சம்பவம் தானாக எழும்.

நான் எதற்குக் கை தூக்கினேன் என்றால், டெஸ்ட் ஒஃப் டைமுக்கு, 1.1 திருத்தமும் இரசிகர் தொகுப்பும் போட்டு, இரண்டு வரைபடத்தோடு. காரணம் லுவா அல்ல. கோவாவை ஆட்டக்காரரே நடத்த வேண்டும், கப்பலை எப்போது அனுப்புவது என்று அங்கே ஒருவர் மண்டையைப் பிய்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அக்கா தன் வகுப்புக்குத் தீவை மட்டும் ஃப்ரீசிவில் தமிழில் செய்கிறார், அதுவும் சரியான முடிவுதான். கோல்டுக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. தீவு வரைபடம் இருவருக்கும் பொது என்பதால் களனி கங்கையிலிருந்து தொடங்கியிருக்கிறோம். அவிசாவளைக்கு மேலே ஆறு எந்தக் கட்டத்தில் திரும்புகிறது என்பதில் இப்போது அடுத்த வாக்குவாதம்.